ஷி குடும்பப் பெயர், ஜின்பிங் சொந்தப் பெயர்

2019 அக்டோபரில் சீன அதிபர் மாமல்லபுரம் வந்தபோது நம் பேச்சில் 'ஜின்பிங்' என்ற பெயரே அதிகம் அடிபட்டது. சீனர்கள் அவரை மரியாதையாகக் குறிப்பிடும்போது 'ஷி' என்பதையே பதவியோடு சேர்த்துச் சொல்வார்கள். ஷி என்பது குடும்பப் பெயர், முன்னால் வரும். ஜின்பிங் அவருக்கு வைத்த பெயர், பின்னால் வரும். மனைவி பெங் லியுவான், கல்யாணத்துக்குப் பிறகும் பெங்தான். பிறந்த வீட்டுப் பெயரைப் பெண்கள் மாற்றிக்கொள்வதில்லை.

குடும்பப் பெயர் பெரும்பாலும் ஒரே ஒரு சீன எழுத்து. வாங், லி, ஜாங் மூன்றும் மிகப் பரவலானவை. பல பெயர்கள் பழைய சிற்றரசுகளிலிருந்து வந்தவை, 'சென்' அப்படிப்பட்டது. இதே எழுத்தை ஹொக்கியென் பேசுகிறவர்கள் 'டான்' என்பார்கள், கான்டனீஸில் 'சான்'. சிங்கப்பூரில் சொந்தக்காரர் இருக்கும் வீடுகளில் மிஸ்டர் டானைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 7ஆம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் வந்த யுவான் சுவாங்கும் பிறப்பால் சென் குடும்பம். நாம் அறிந்த பெயர் அவர் துறவியானபின் பெற்றது.

தாம்பரத்தில் நம் வழக்கம் வேறு. தாத்தா முருகேசன், மகன் மு. செல்வம், பேரன் செ. முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். நமக்கும் பெரியவர்தான் முன்னால், ஆனால் அப்பா பெயரின் அந்த முதலெழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும். முன்பு பலர் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் ஒட்டியிருந்தது. ஜிஎஸ்டி சாலையில் நமக்குத் தெற்கே இருக்கும் செங்கல்பட்டில் 1929 பிப்ரவரியில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, அந்தப் பட்டங்களை விட்டுவிடத் தீர்மானம் போட்டது. தமிழ்ப் பெயர் வரலாற்றில் இதைவிடப் பெரிய மாற்றம் எனக்குத் தெரிந்து இல்லை. சீனக் குடும்பப் பெயர் சாதியைக் காட்டுவதில்லை, அதனால் அங்கே அதை உதறவேண்டிய தேவை எழவில்லை.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நமக்குப் பெருமை. சீன மரபில் முன்னோர் பெயரைக் குழந்தைக்கு இடுவது அவமரியாதை. பல குடும்பங்களில் அதற்குப் பதிலாக, ஒரே தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பொதுவாக ஓர் எழுத்து இருக்கும். மா சே துங்கின் தம்பிகள் மா சே மின், மா சே டான். நடுவில் உள்ள 'சே' அந்தத் தலைமுறையின் அடையாளம்.

மருத்துவம் படிக்கச் சீனா போகும் நம் பிள்ளைகளுக்கு இது உடனே உதவும். ஆசிரியரைக் குடும்பப் பெயரோடு 'வாங் லாவ்ஷி' (வாங் ஆசிரியர்) என்று கூப்பிட வேண்டும், சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் அப்பா பெயர் இருந்தால், குடும்பப் பெயர் என்று அதையே அங்கே எடுத்துக்கொள்வார்கள். தன்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.