ஈரத்தில் வெந்துபோகும் இளந்தோல்

பினாங்கு மாநிலத்தின் தென்கோடியில், நிபோங் திபாலைத் தாண்டி, கடலோரச் சதுப்புக்காட்டை ஒட்டிக் கிடக்கிறது பைராம் தோட்டம். அதற்குப் பக்கத்தில்தான் புலாவ் பூரோங் குப்பைமேடு. ஜார்ஜ் டவுன் அடுக்குமாடிகளிலிருந்தும் பட்டர்வொர்த் தாமான்களிலிருந்தும் அள்ளப்படும் குப்பை அங்கேதான் போய்ச் சேர்கிறது. 2022 ஜனவரியில் அங்கே பற்றிய தீ நாட்கணக்கில் புகைந்தபோதுதான் வெளியூர்க்காரர்கள் பலர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டார்கள். அந்த மேட்டுக்குள் புதைந்திருக்கும் பேம்பர்ஸ்களைப் பற்றிச் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் பேச வேண்டியது நிறைய உண்டு. இன்று என் கவலை வேறு. குப்பைக்குப் போகுமுன் அந்தப் பேம்பர்ஸ் ஒரு குழந்தையின் தோலோடு எத்தனை மணி நேரம் ஒட்டிக் கிடந்தது?

தொடையிடுக்கும் பிட்டமும் சிவந்து வெந்துபோகாத குழந்தை அநேகமாக இல்லை. ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் இது அதிகம் வரும். கஞ்சி, சோறு என்று சாப்பாடு மாறி, மலத்தின் தன்மையும் மாறும் காலம் அது. பெரும்பாலும் லேசான சிவப்போடு வந்து, இரண்டு மூன்று நாளில் போய்விடும். இங்கே நான் சொல்ல வருவது அதன் கடுமையான வடிவத்தை: தோல் பளபளவென்று செக்கச் சிவந்து, வீங்கி, ஆங்காங்கே உரிந்து நீர் கசியும். சிறுநீர் பட்டாலே பிள்ளை துடித்து அழும். கழுவப் போனால் காலை இறுக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் வீட்டில் எல்லாருடைய பார்வையும் தாயின் பக்கம் திரும்பும், அவள் கவனிக்கவில்லை என்று. கவனத்தில் குறையில்லாத வீட்டிலும் இது வரும். ஒரு நாள் வயிற்றுப்போக்கு போதும்.

ஏன் வருகிறது என்பதை அறிவியலே நெடுநாள் தவறாகத்தான் புரிந்துவைத்திருந்தது. காலையில் பேம்பர்ஸைப் பிரித்ததும் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடையைத் தாய்மார் அறிவார்கள். 1921இல் அமெரிக்க மருத்துவர் குக், குடல் பாக்டீரியா ஒன்று சிறுநீரிலுள்ள யூரியாவை அம்மோனியாவாக மாற்றுகிறது, அந்த அம்மோனியாதான் தோலைச் சுடுகிறது என்று எழுதினார். அரை நூற்றாண்டுக்கு மேல் பாடப்புத்தகங்கள் அதையே சொல்லிக்கொண்டிருந்தன. 1977இல் லெய்டனும் அவரது குழுவினரும் புண் உள்ள குழந்தைகளையும் இல்லாத குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அம்மோனியா அளவில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. அப்படியானால் குற்றவாளி யார்?

விடை 1986இல் வந்தது. பெர்க், பக்கிங்காம், ஸ்டூவர்ட் ஆகியோர் முடியில்லாத எலிகளின் தோலில் சோதித்தார்கள். தோலை அரித்தது மலத்திலுள்ள நொதிகள். புரதத்தையும் கொழுப்பையும் செரிக்க உடம்பு சுரக்கும் அதே நொதிகள்தாம் தோலின் மேலடுக்கிலுள்ள புரதத்தையும் கொழுப்பையும் தின்கின்றன. அவற்றுக்குக் காரத்தன்மை பிடிக்கும். ஆரோக்கியமான தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது. சிறுநீரும் மலமும் ஒன்றாகக் கலந்து கிடக்கும்போது அம்மோனியா உருவாகி அந்த அமிலத்தன்மையைக் குலைக்கிறது. உடனே நொதிகள் வீறுகொள்கின்றன. அம்மோனியா நேரடியாகச் சுடுவதில்லை. சுடுபவனுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. வயிற்றுப்போக்கின்போது மலம் குடலில் தங்காமல் விரைந்து வருவதால் நொதிகள் முழு வீரியத்தோடு வெளியேறுகின்றன. ஒரே நாளில் தோல் உரிவது அதனால்தான். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலத்தில் காரமும் நொதியின் வேகமும் குறைவு. அந்தக் குழந்தைகளுக்குத் தொல்லையும் குறைவு.

இதோடு ஈரமும் உராய்வும் சேர்கின்றன. பிறந்த முதல் சில மாதங்களில் குழந்தை நாளுக்கு இருபது முறை வரைகூடச் சிறுநீர் கழிக்கும். நீரில் ஊறிய தோல் எளிதில் உரசிப் பிய்யும், எதையும் உள்ளே விடும். பினாங்கின் புழுக்கத்தில், மூடிய பேம்பர்ஸுக்குள் வியர்வையும் கூடுகிறது. ஒரு செய்தியை இங்கே நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்: துணிதான் தோலுக்கு நல்லது, பேம்பர்ஸ்தான் கெடுதல் என்ற பொதுக் கருத்து முழு உண்மையல்ல. 1961இல் அமெரிக்காவில் விற்பனைச் சோதனைக்கு வந்த முதல் பேம்பர்ஸில் காகிதக்கூழ்தான் இருந்தது. 1980களில் ஈரத்தை உறிஞ்சிக் கூழாக்கிப் பிடித்துவைக்கும் பாலிமர் மணிகள் சேர்ந்த பிறகு, தோல் வறண்டிருக்கும் நேரம் கூடியது, கடுமையான புண்கள் குறைந்தன. நனைந்த துணியின் மேல் பிளாஸ்டிக் ஜட்டி மாட்டுவதுதான் இருப்பதிலேயே மோசம். ஒன்றுமே கட்டாமல் விடுவதுதான் இருப்பதிலேயே சிறந்தது. தோட்டத்து ஆயாக் கொட்டகைகளில் தூளியில் கிடந்த தலைமுறைக்கு, வறுமையின் நடுவே, அந்தக் காற்றாவது கிடைத்தது.

கடுமையாக வெந்துபோன தோலுக்கு வீட்டில் செய்ய வேண்டியது குறைவு. ஆனால் அந்தக் குறைவானதை விடாமல் செய்ய வேண்டும்.

முதலில் கழுவுவது. மலம் போனால் அந்த நிமிடமே மாற்றுங்கள். இல்லாவிட்டாலும் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். துடைப்புத் தாளை ஒதுக்கிவைத்துவிட்டு, வெதுவெதுப்பான நீரை ஊற்றிக் கழுவுங்கள். மலம் போனதும் தண்ணீரால் கழுவிவிடும் நம் பழக்கம் அருமையான பழக்கம். வாசனைத் தாளுக்காக அதைக் கைவிட்டிருந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். சோப்பு வேண்டாம், சாதாரண சோப்பு காரம், நொதிக்கு அதுவும் துணைபோகும். காய்ந்து ஒட்டியதைப் பஞ்சில் எண்ணெய் தொட்டு மெதுவாக எடுக்கலாம். பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

அடுத்தது காற்று. ரப்பர் விரிப்பின் மேல் பருத்தித் துணியைப் போட்டு, கீழே ஒன்றும் கட்டாமல் பிள்ளையைக் கால் மணி நேரம் கிடத்துங்கள். நாளில் பல முறை. துணி நனைந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் பூச்சு. துத்தநாக ஆக்ஸைடு கலந்த கெட்டியான களிம்பு எந்தப் பார்மசியிலும் கிடைக்கும்; கடுமையான நிலைக்குச் சதவீதம் கூடியது நல்லது, 40 வரைகூட உண்டு. அதுவும் இல்லையென்றால் வெறும் பெட்ரோலியம் ஜெல்லி. பலர் இதை முகத்துக்கு க்ரீம் தடவுவதுபோல் தடவி, தோலில் மறையும் வரை தேய்க்கிறார்கள். அது வீண். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல, தோலே தெரியாத கனத்தில் அப்ப வேண்டும். அதன் வேலை உள்ளே போய்க் குணப்படுத்துவதல்ல. மலமும் சிறுநீரும் தோலைத் தொடாமல் நடுவே நிற்பது. அந்த மறைவில் தோல் தன்னைத்தானே ஆற்றிக்கொள்கிறது. அடுத்த முறை மாற்றும்போது அழுக்கான மேல்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, மீதியின் மேலேயே புதிதாகப் பூசுங்கள். ஒவ்வொரு முறையும் வெள்ளையாக இருப்பதையெல்லாம் சுரண்டி எடுத்தால், ஆறிவரும் தோலும் சேர்ந்து வந்துவிடும். பேம்பர்ஸைத் தளர்வாகக் கட்டுங்கள். ஆறும் வரை ஓர் அளவு பெரியது நல்லது.

தாய்ப்பாலைத் தடவலாமா என்று கேட்பார்கள். 2013இல் ஈரானில் 141 குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வில், தாய்ப்பால் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற லேசான ஸ்டீராய்டு களிம்புக்கு இணையாக வேலை செய்தது. அடுத்த ஆண்டு துருக்கியில் வந்த ஆய்வில் துத்தநாகக் களிம்பே மேலானதாக இருந்தது. லேசான சிவப்புக்குத் தடவிப் பார்க்கலாம். தோல் உரிந்த பிறகு நான் களிம்பைத்தான் நம்புவேன். தேங்காய் எண்ணெய் கழுவும்போது உதவும், ஆனால் தடுப்பாக நிற்கும் கனம் அதற்கு இல்லை. மஞ்சள், வேப்பிலைச் சாறு, வசம்பு எதையும் உரிந்த தோலில் வைக்காதீர்கள்.

இத்தனையும் செய்து இரண்டு மூன்று நாளில் மாற்றம் இல்லையென்றால், இடுக்குகளைப் பாருங்கள். சாதாரணப் புண் பேம்பர்ஸ் உரசும் மேடான பகுதிகளில் வரும், மடிப்புகளை விட்டுவைக்கும். கேண்டிடா என்ற பூஞ்சையோ மடிப்புக்குள்ளேதான் குடியேறும். அங்கே அடர்சிவப்பாகப் படர்ந்து, ஓரத்தைச் சுற்றிச் சிறு சிறு சிவப்புப் புள்ளிகள் சிதறிக் கிடந்தால், பெரும்பாலும் அதுதான். வாய்க்குள் துடைத்தால் போகாத வெள்ளைப் படலமும் கூடவே இருக்கலாம். காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்த பிறகு இது அடிக்கடி வரும். இதற்குக் களிம்பு மட்டும் போதாது. நிஸ்டாட்டினோ க்ளோட்ரிமசோலோ மைக்கோனசோலோ வேண்டும். மருந்தை முதலில் மெல்லியதாகப் பூசி, அதன் மேல் துத்தநாகக் களிம்பு.

இங்கேதான் பெரிய ஆபத்து காத்திருக்கிறது. பூஞ்சை மருந்தையும் வீரியமான ஸ்டீராய்டையும் ஒரே ட்யூபில் அடைத்து விற்கிறார்கள். பீட்டாமெத்தசோன், டெக்ஸாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்ற பெயர் ட்யூபில் இருந்தால், மருத்துவர் எழுதித் தராமல் குழந்தையின் தொடையிடுக்கில் அதை வைக்கவே வைக்காதீர்கள். பூசியவுடன் சிவப்பு அடங்கும். அதனால்தான் பக்கத்து வீட்டு அக்கா அன்போடு எடுத்து நீட்டுகிறார். ஆனால் மூடிய பேம்பர்ஸுக்குள் அந்த மருந்து பல மடங்கு உள்ளே இறங்கும். தோல் மெலியும், உடம்பின் சுரப்பிகள் பாதிக்கப்படும், சில குழந்தைகளுக்குச் செந்நீல முடிச்சுகள் எழும்பும். அந்த முடிச்சுகள் 1971இலேயே மருத்துவ இதழில் பதிவானவை. தமிழ்நாட்டிலிருந்து உறவினர் பெட்டியில் வரும் ட்யூபுகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

பவுடரும் வேண்டாம். டால்க் தூள் மூச்சில் போனால் பிஞ்சு நுரையீரலுக்குக் கேடு. 1972இல் பிரான்சில் தவறுதலாக ஹெக்ஸாக்ளோரோஃபீன் அதிகம் கலந்துபோன ஒரு குழந்தைப் பவுடரால் 36 குழந்தைகள் இறந்தார்கள். புண்ணான தோல் நஞ்சை எவ்வளவு எளிதாக உள்ளே விடும் என்பதை உலகம் அன்று கண்டது. பழைய காலத்து போரிக் பவுடரும் அப்படித்தான். 1988இல் நம் பக்கத்து மாநிலமான பேராக்கில் லோ ஷி ஃபன் மீ சாப்பிட்டு 13 குழந்தைகள் மாண்டபோது, அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சோடு போரிக் அமிலமும் சிக்கியது நினைவிருக்கும். அது வாய்வழி போனது. வெந்த தோல் வழியாகவும் அது போகும். 1953லேயே கனடாவின் கோல்ட்ப்ளூம் மருத்துவர்கள் அதுவரை பதிவாகியிருந்த நூற்றுக்கு மேற்பட்ட போரிக் நஞ்சேற்றங்களைத் தொகுத்து எச்சரித்திருந்தார்கள். சமையல் சோடாவைக் கரைத்துக் கழுவுவதும் வேண்டாம்.

சில புண்கள் பேம்பர்ஸ் புண்ணே அல்ல. வாயைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் ஒரே நேரத்தில் புண் வந்து, வயிற்றுப்போக்கும் முடி உதிர்வும் சேர்ந்திருந்தால், குடல் துத்தநாகத்தை உறிஞ்ச முடியாத பிறவிக்குறை இருக்கலாம். உயிரையே குடித்துவந்த அந்த நோய்க்குத் துத்தநாகத்தை வாய்வழி கொடுத்தாலே போதும் என்று லண்டன் மருத்துவர் மொய்னஹன் 1970களில் காட்டினார். மேலே பூசும் களிம்பு அதை ஆற்றாது.

பேசாமல் விட முடியாதது பணம். பத்து காவான், புக்கிட் மின்யாக் தொழிற்சாலைகளுக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகும் தாய், பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரிடம் காலையில் எண்ணித்தான் பேம்பர்ஸ் கொடுத்தனுப்புகிறாள். அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், கிட்டத்தட்ட முப்பது சதவீதத் தாய்மார் தேவையான அளவு வாங்க முடியவில்லை என்றார்கள். செல்வ நாட்டிலேயே அந்த நிலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து மாற்று என்று எழுதுவது எளிது. மாற்றுவதற்குக் கையில் இருக்க வேண்டும். பெயர் சூட்டும் நாளுக்குப் போகும்போது ஜிகினா சட்டைக்குப் பதில் ஒரு மூட்டை பேம்பர்ஸும் ஒரு டப்பா துத்தநாகக் களிம்பும் கொண்டு போங்கள். வீட்டில் இருக்கும் நேரத்தில் ஒன்றும் கட்டாமல் விட்டால் செலவும் மிஞ்சும், தோலும் பிழைக்கும்.

காய்ச்சல் வந்தால், சீழோ கொப்புளமோ தேன்நிறப் பொருக்கோ கண்டால், இரத்தம் கசிந்தால், சிவப்பு வயிற்றுக்கும் முதுகுக்கும் படர்ந்தால், பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால் வீட்டு வைத்தியம் அத்தோடு முடிந்தது. பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தைக்குக் கொப்புளம் என்றால் ஒரு மணி நேரமும் காத்திருக்காதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். போகும்போது இதுவரை பூசிய எல்லா ட்யூபையும் டப்பாவையும் பையில் போட்டு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள். திட்டுவார்களோ என்று எதையும் மறைக்காதீர்கள்.