முதுகில் சொடக்கு விழுந்தால் வலி ஏன் குறைகிறது?

நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தோளை ஒரு பக்கமும் இடுப்பை மறுபக்கமும் திருப்பி, சட்டென்று ஓர் அழுத்து. ‘மளுக்’. விலகிய எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று அவர் பெருமூச்சு விடுவார். உண்மையில் எலும்பு எங்கும் விலகியிருக்கவில்லை.

பிறகு சத்தம் எங்கிருந்து? விரல் மூட்டை இழுத்து, எம்ஆர்ஐ படமாகவே 2015இல் பார்த்துவிட்டார்கள் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார். மூட்டின் இரு பரப்புகளும் பிரியும்போது உள்ளிருக்கும் திரவத்தில் அழுத்தம் குறைந்து, வாயுக் குழி ஒன்று திடீரென உருவாகிறது. அவ்வளவுதான். வலி குறைந்ததற்கு அது சாட்சியல்ல.

இப்படிக் கையால் அழுத்தித் திருப்பிச் சிகிச்சை தரும் ஆஸ்டியோபதியை 1874இல் அறிவித்த அமெரிக்கர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில், இடம் மாறிய எலும்பு ரத்த ஓட்டத்தைத் தடுப்பதே நோய்க்குக் காரணம் என்றார். அந்த விளக்கம் நிற்கவில்லை. அப்படியானால் வலி ஏன் குறைகிறது? மூன்று மாதம் தாண்டிய வலியில், காயம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் சின்னத் தூண்டலுக்கே கூச்சலிடப் பழகியிருக்கலாம். தொடுதலும் அசைவும் அதைச் சற்று அடக்குகின்றன. குனியப் பயந்தவருக்குத் துணிச்சலும் வருகிறது.

எவ்வளவு அடக்குகின்றன? பிரான்சில் 400 இடுப்புவலிக்காரர்களை வைத்து நடந்து, 2021இல் வெளியான ஆய்வில் ஒரு பாதிக்கு ஆஸ்டியோபதி, மறுபாதிக்கு வெறும் மேலோட்டமான தொடுதல். மூன்று மாதத்தில் நூறு புள்ளி முடக்க அளவுகோலில் முதல் பிரிவு 4.7 குறைந்தது, மற்றது 1.3. வித்தியாசம் உண்டு, ஆனால் அன்றாட வாழ்வில் உணரும் அளவுக்கு இல்லை.

கால் மரத்துப்போனாலோ சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ இதெல்லாம் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.