படத்துக்குள்ள ஒரு கடிகாரம்

ஆதிச்சநல்லூர்ல 1876-ல ஜாகோர் தோண்டி எடுத்த பொருட்கள் பெர்லின் வரைக்கும் போச்சு. பொருள் எங்கே போனாலும், எந்த மண்ணடுக்குல கிடைச்சதுங்கிற குறிப்பு கூடவே போகணும். இல்லைன்னா அதன் காலத்தைச் சொல்றது கஷ்டம். மைக்ரோஸ்கோப் படமும் அப்படித்தான்.

டைம்-லாப்ஸ்ல 5 விநாடிக்கு ஒரு ஃப்ரேம்னு செட் பண்றோம். ஆனா எல்லா சேனலும் ஃபோகஸ் அடுக்குகளும் எடுத்து முடிக்க 7 விநாடி ஆகலாம். அப்போ 5-ஐ வச்சு செல் நகரும் வேகத்தைக் கணக்கிட்டா, விடை 1.4 மடங்கு கூடிடும்.

ஓஎம்ஈ-டிஃப் ஃபைல்ல 'டைம் இன்க்ரிமென்ட்'ங்கிறது மொத்த வரிசைக்கும் பொதுவான இடைவெளி. 'டெல்டா-டி'ங்கிறது ஆரம்பத்திலிருந்து ஒவ்வொரு படமும் எடுக்கப்பட்ட நேரம். கிராஃப் போடும் முன் டெல்டா-டி இருக்கான்னு பாருங்க. ஜேபெக்கா மாத்தினா அது தொலைஞ்சுடும், ஒரிஜினலை அழிக்காதீங்க.