குப்பை மேட்டில் ஒரு காலை நடை

அக்டோபர் வெயில் தணிந்து நவம்பர் பிறந்தால் மும்பைவாசிகளுக்குக் கால் பரபரக்கும். இயற்கை ஆர்வலர்களின் ஞாயிற்றுக்கிழமை உலாக்களுக்கு இதுதான் சீசன். மாட்டுங்காவிலிருந்தோ செம்பூரிலிருந்தோ பைனாகுலரும் இட்லிப் பொட்டலமுமாகக் கிளம்பும் தமிழருக்கு உடனே நினைவுக்கு வருவது போரிவிலி தேசியப் பூங்காதான். ஆனால் காட்டைத் தேடி அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சயான் ஸ்டேஷனில் இறங்கி தாராவி பஸ் டிப்போ வரை நடந்தால் போதும்.

அங்கே, சாலைக்கு மறுபுறம், 37 ஏக்கரில் விரிகிறது மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா. எழுபதுகளில் இது மாநகரத்தின் குப்பை மேடு. 1983இல் இங்கே முதல் கன்றை நட்டவர் பறவையியல் மேதை சாலிம் அலி. 1994இல் பூங்கா திறக்கப்பட்டபோது அதைப் பார்க்க அவர் இல்லை, 1987லேயே மறைந்துவிட்டார். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இங்கே பதிவாகியுள்ளன. மழை ஓய்ந்த வாரங்களில் பட்டாம்பூச்சிகளும் கண்ணில் படும். பக்கத்தில் ஓடும் மித்தி ஆற்றின் வாடை மூக்கைத் துளைக்கும்தான். மாங்குயில் அதைப் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை.

தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் வளரும் பிள்ளைக்கு எட்டிய தூரத்தில் இருக்கும் காடு இது ஒன்றே. மறுசீரமைப்புத் திட்டம் இதையும் விழுங்கிவிடுமோ என்ற அச்சம் நீதிமன்றம் வரை போனது. பூங்கா திட்டத்தில் சேராது என்று 2023இல் மும்பை உயர் நீதிமன்றத்தில் அதிகாரிகள் தெரிவித்தனர். ஆர்வலர்களுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

உலாவுக்குக் கிளம்புகிறவர்கள் கொசுக்கடிக்குக் களிம்பு எடுத்துக்கொள்வது நல்லது. சதுப்புநிலம் அல்லவா?