வறட்சியிலும் மலரும் அரளி

கிணறு வற்றும் கோடையிலும் முற்றத்தில் மலர் காண விழைகிறீர்களா? செவ்வரளியை நடுங்கள். ஒரு சாண் நீளக் கிளையை வெயில் படும் இடத்தில் ஊன்றி, வேர் பிடிக்கும்வரை மண்ணை ஈரமாக வைத்திருங்கள். முதற் கோடைக்குத் தவறாது நீரூற்றுங்கள். பின்னர் மண் காய்ந்த பிறகு ஊற்றினாற் போதும். நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். புதுக் கிளைகளின் நுனியிலேயே பூப்பதால், பூத்து ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கு கழித்துவிடுங்கள்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். இலை முதல் வேர் வரை அரளி முழுவதும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. கழித்த கிளைகளை ஆட்டுக்குப் போடாதீர்கள். அடுப்பிலும் எரிக்காதீர்கள், புகையும் தீங்கானது. குழந்தை மென்றுவிட்டால் தாமதியாது மருத்துவமனைக்கு விரையுங்கள்.

தவழும் மழலை உள்ள இல்லமா? அரளிக்குப் பதிலாக மருதாணியை நடுங்கள். அதுவும் வறட்சியைத் தாங்கும். மணமிக்க பூவும், பெருநாளில் கைகளுக்குச் செந்நிறமும் தரும்.