பயம்தான் அவன் கையில் இருக்கும் பிடி

ஆன்லைன் கேமின் அரட்டையில் ஒருவன் அறிமுகமாகிறான். தானும் ஒன்பதாம் வகுப்புதான் என்கிறான். பரீட்சை, சினிமா, அம்மாவின் திட்டு என்று நாள்கணக்கில் பேச்சு. பிறகு இன்ஸ்டாகிராம், அங்கிருந்து டெலிகிராம். தன் படம் என்று யாருடையதையோ முதலில் அனுப்பிவிட்டு, பதிலுக்கு ஒன்று கேட்கிறான். பிள்ளை அனுப்பிய அடுத்த நிமிடம் பேச்சே மாறிவிடுகிறது. வந்து விழுவது பிள்ளையின் ஃபாலோயர் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட். அதில் சித்தப்பா இருக்கிறார், டியூஷன் தோழிகள் இருக்கிறார்கள், வகுப்பு ஆசிரியை இருக்கிறார். "இவங்க எல்லாருக்கும் அனுப்பட்டுமா?"

அதன்பிறகு பணம் கேட்பான், இன்னும் படங்கள் கேட்பான். சில நேரம், சொல்லும் ஊருக்குத் தனியாகப் புறப்பட்டு வரச் சொல்வான். ஆள்கடத்தல் இப்படியும் தொடங்குகிறது.

வீட்டுக்குத் தெரிந்தால் தொலைந்தோம் என்று பிள்ளை நடுங்குகிறதே, அந்த நடுக்கம்தான் அவன் பிடி. அதனால்தான், விஷயம் தெரிந்ததும் "உன்னை யாரு போட்டோ அனுப்பச் சொன்னது?" என்று கை ஓங்கும் வீடு, தன்னையறியாமல் அவனுக்கே துணைபோகிறது.

சட்டம் பிள்ளையின் பக்கம்தான் நிற்கிறது. 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரின் ஆபாசப் படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டுவதே குற்றம். படம் உண்மையாக இருந்தாலும் சரி, மார்ஃபிங் செய்ததாக இருந்தாலும் சரி. வாக்குமூலம் வாங்கப் போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டும், அதுவும் சீருடை இல்லாமல். கூடியவரை பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். பிள்ளையின் பெயரையோ பள்ளியையோ எந்தப் பத்திரிகையும் வெளியிடக் கூடாது. காவல் நிலையம் என்றதும் பின்வாங்கும் பெற்றோரில் பலருக்கு இதெல்லாம் தெரிவதில்லை.

இத்தகைய படங்களைப் பார்ப்பவர்கள் குறித்துச் சென்னையில் பதிவான ஒரு வழக்கையும் சொல்ல வேண்டும். குழந்தைகளின் ஆபாசப் படங்களைத் தனியாக டவுன்லோட் செய்து பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. மிகச் சரியான முடிவு. அத்தகைய படங்களுக்குப் பின்னால் நிஜமாகவே வதைபட்ட குழந்தைகள் இருக்கிறார்கள். "இவனைப் பிடிங்க" என்று நல்லெண்ணத்தில்கூட அவற்றை வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்யாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி, முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

மிரட்டல் வந்தால் பதறி அரட்டையை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. மிரட்டிய வரிகளையும் அவன் ஐடியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு பிளாக் செய்யுங்கள். பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் இன்னும் கேட்பான். படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை உள்ளது. படம் போனைவிட்டு வெளியே போகாது. அதன் கைரேகை போன்ற ஓர் எண் மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குப் போகும். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம்.

"நீ தப்பு பண்ணல, நான் இருக்கேன்" என்று இன்றைக்கே உங்கள் பிள்ளையிடம் சொல்லிவையுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் மனப்பாடம் செய்ய வையுங்கள். இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை.