'சடக்' ஓசையும் சௌக்கியமும்

1895-ஆம் வருஷம் அமெரிக்காவில் டாவன்போர்ட் நகரில், டானியல் டேவிட் பாமர் என்பவர் ஒரு செவிடரின் முதுகெலும்பை அழுத்தினாராம், காது கேட்டுவிட்டதாம்! கைரோபிராக்டிக் சிகிச்சை பிறந்த கதை இது. செவி நரம்போ முதுகெலும்பின் வழியே செல்வதே இல்லை.

'சடக்'கென்ற ஓசை கேட்டதும், விலகிய எலும்பு தன் இடத்தில் அமர்ந்துவிட்டதென்று நம்மில் பலர் மகிழ்கிறோம். அது மூட்டு நீரிலுள்ள வாயுவினால் எழும் ஓசையேயன்றி வேறன்று.

இடுப்பு வலிக்கு இச்சிகிச்சை ஓரளவு குணம் தருவதை நாம் மறுக்கவில்லை; தேகப் பயிற்சியும் அவ்வளவு குணம் தரும். ஆஸ்துமாவுக்கு இது மருந்தன்று. கழுத்தை வெடுக்கென்று திருப்புவதால், அபூர்வமாக, மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் நேர்வதுமுண்டு. ஆகவே, கழுத்தைப் பிறர் கையில் ஒப்புவிக்குமுன் டாக்டரை ஒரு வார்த்தை கேட்போமாக!